வாலு விட்டியா?

என் தங்கை ஒரு புளுகுமூட்டை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வயிற்றுவலி, பல்வலி எல்லாம் தீர்ந்துபோய், ஒருநாள் கண்ணே தெரியவில்லை என்று அழுதவள். அழுதுகொண்டே தட்டில் இருந்த பெரிய மீன் துண்டைச் சரியாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். அந்தப் பெயர் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தைப் பதினான்கு வருடத்தில் மூன்று தடவை எனக்குச் சொல்லியிருக்கிறாள். மூன்று தடவையும் ஒரு சொல் மாறவில்லை. மணி, நிமிடம்கூட மாறவில்லை. புளுகுகிறவர்களுக்கு இவ்வளவு ஞாபகசக்தி இருக்காது. அதுவும் போக, சொல்லும்போது அவள் வலது கை இடது கையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் நான் நம்புகிறேன்.

இன்னொன்று. இது நடந்தது நடுராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், மத்தியானம் இரண்டேகால் மணிக்கு.

அப்போது வாலு நர்சிங் படிப்பில் இரண்டாம் வருடம். அந்த வாரம் அவர்கள் கல்லூரியில் ஒரு பரீட்சை வைத்தார்கள். காயத்துக்குக் கட்டுப் போடுவதைப் பற்றி மாணவிகளுக்கு என்ன தெரியும் என்று பார்க்க நாற்பது கேள்விகள். பாதிப் பேர் இருபதைத் தாண்டவில்லை. வாலு நாற்பதுக்கு நாற்பது. வியாழக்கிழமை முதல்வர் அவளை எழுந்து நிற்கச் சொல்லி வகுப்பையே கைதட்ட வைத்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தாள். நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

முப்பத்தொன்றாவது கேள்வி ஆழமான காயத்தைப் பற்றியது. கட்டியைக் கீறிச் சீழை எடுத்துவிட்டால் உள்ளே ஒரு குழி நிற்கும். மேலே மட்டும் மூடினால் வாய் ஆறிவிடும், உள்ளே மறுபடி சீழ் கட்டும். அதனால் காஸ் என்கிற மெல்லிய துணியை நீளமாக வெட்டி மருந்தில் நனைத்துக் குழிக்குள் தளர்வாக வைப்பார்கள். வைத்தபின் இரண்டு காரியம் செய்ய வேண்டும். துணியின் நுனியை வெளியே கொஞ்சம் விட வேண்டும், மறுநாள் பிடித்து எடுக்க. அதற்கு வால் என்று பெயர். இரண்டாவது, எத்தனை துண்டு உள்ளே போனது என்று சீட்டில் எழுத வேண்டும்.

பேச்சில் வால் வாலு ஆகிவிடும். "வாலு விட்டியா?" என்று வார்டு சிஸ்டர் கேட்கும்போதெல்லாம் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஒரு நொடி திடுக்கிட்டு, அப்புறம் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாளாம்.

பரீட்சையில் இதையெல்லாம் அழகாக எழுதினாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது கைதட்டு வாங்கிய மறுநாளே தெரிந்துபோனது.

வெள்ளிக்கிழமை காலை பத்தேகால். ஆண்கள் அறுவை வார்டு. ஆறாம் பெட்டில் ஒரு லாரி டிரைவர், தொடையில் கட்டி எடுத்தவர். வாய் ஓயாத மனிதர். வாலுவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்கள் கட்டுப் பிரித்தால் ஊரைக் கூட்டுவார், இவள் பிரித்தால் பல்லைக் கடித்துக்கொள்வார். அவர் மனைவி வாலுவின் கையைப் பிடித்து, உங்க கை பட்டாத்தான் இவருக்கு வலிக்கல என்று சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்குத் துணி போதவில்லை. வெட்டிய நீளத் துண்டு குழியை நிரப்பாது என்று பார்த்ததுமே தெரிந்தது. வாலு இன்னொரு சின்னத் துண்டு வெட்டி முதலில் அதை ஆழத்தில் வைத்தாள். மேலே நீளத் துண்டை வைத்தாள். சின்னதின் நுனியையும் வெளியே இழுத்துவிட வேண்டும் என்று நினைத்தபோதே டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிட்டார். "நாப்பதுக்கு நாப்பது வாங்குனது நீதானா?" என்று கேட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நீளத் துண்டுக்கு மட்டும் வால் விட்டாள். மூடினாள். சீட்டில் எழுதினாள்: உள்ளே 1.

ராத்திரி படுக்கும்போதுதான் யூனிபாரம் பையில் மிச்சக் காஸ் பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. அதில் இரண்டு இடத்தில் வெட்டியிருந்தது. அப்போதுதான் சின்னத் துண்டு ஞாபகத்துக்கு வந்தது.

சனிக்கிழமை காலை ஓடிப்போய்ச் சீட்டைப் பார்த்தாள். வேறொரு நர்ஸ் முந்திக்கொண்டு கட்டு மாற்றியிருந்தார். வெளியே 1. உள்ளே 1. எடுத்தது ஒன்று, புதிதாக வைத்தது ஒன்று. கணக்கு நேராகிவிட்டது. சின்னத் துண்டு மட்டும் எங்கேயும் இல்லை.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் வருடத்தில் ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தாள். இன்னொன்று வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நானும் சும்மா இருக்கவில்லை. பேரைக் கெடுத்துக்கிட்டு மட்டும் வந்து நிக்காதே என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

சின்னது நீளத் துண்டோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், நர்ஸ் கவனித்திருக்க மாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் டிரைவருக்கு நூறு டிகிரி காய்ச்சல். ஞாயிறு காலை நூற்றொன்று. மத்தியானம் நூற்று மூன்று. ஓயாத வாய் ஓய்ந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

ஞாயிறு மத்தியான டியூட்டியில் இரண்டே பேர். வாலுவும் வார்டு சிஸ்டரும். சிஸ்டருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. இதே வார்டில் மாணவியாக வந்து இதே வார்டில் தலை நரைத்தவர். எண்ணிக்கையில் கறார். அவர் டியூட்டியில் ஒரு பஞ்சு குறைந்தால்கூட யாரும் சாப்பிடப் போக முடியாது. அவரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. வார்டில் பதினான்கு பெட். அவர் பன்னிரண்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகவே மாட்டார். அங்கே நோயாளி இருந்தால் வேறு யாரையாவது அனுப்புவார். முதுகுவலி என்று மாணவிகள் கேலி பேசுவார்கள்.

அன்றைக்கு வார்டில் ஆறு நோயாளிகள்தான். எல்லாரும் முன்பக்கம். எட்டாம் பெட்டுக்கு அப்புறம் எல்லாம் காலி. மெத்தைகள் சுருட்டி வைத்திருந்தன. கடைசிப் பெட் பக்கத்தில் பச்சைத் துணி மறைப்பு மடித்து நின்றது. வாலு மேசையிலிருந்து இதையெல்லாம் பார்த்தாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது என்கிறாள்.

இரண்டு ஐந்துக்கு சிஸ்டர் எழுந்தார். டிரைவருக்கு வேறு ஊசி மருந்து எழுதியிருந்தார்கள். மருந்துக் கிடங்கு கீழ்த்தளத்தில். இருபது நிமிடத்தில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாப்பிட்ட களைப்பில் எல்லாரும் தூங்கினார்கள். மின்விசிறிகள் சுற்றின. டிரைவரின் சலைன் சொட்டியது. வாலு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு பன்னிரண்டு.

டிங்.

எஃகுத் தட்டில் இடுக்கியை வைக்கும் சத்தம். அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும் சத்தம் அது. கட்டுப் போடும் தள்ளுவண்டி மேசைக்குப் பக்கத்தில்தான் நின்றது. அதை யாரும் தொடவில்லை.

இரண்டு பதினான்கு. மறுபடி டிங். வார்டின் கடைசியிலிருந்து வந்தது.

யாரோ ஜன்னல் கொக்கியைச் சரியாக மாட்டவில்லை என்று நினைத்தாள். அப்படித்தானே நினைப்போம்.

இரண்டு பதினேழுக்குக் கூப்பிட்டது.

"வாலு…"

மெதுவான குரல். ஆண் குரல். வீட்டிலிருந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று அவளுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்ததாம். நான்தான் சொல்லாமல் வந்திருக்கிறேன் என்று நினைத்து எழுந்தாளாம். நான் அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

எட்டைத் தாண்டினாள். பத்தைத் தாண்டினாள். பன்னிரண்டில் ஒரு குளிர். நனைந்த துணியைப் போர்த்திய மாதிரி. மேலே பார்த்தாள். அங்கே மின்விசிறி நின்றிருந்தது.

கடைசிப் பெட்டைச் சுற்றிப் பச்சை மறைப்பு விரிந்திருந்தது.

மறைப்புக்குக் கீழே தள்ளுவண்டியின் சக்கரங்கள் தெரிந்தன. திரும்பி மேசையைப் பார்த்தாள். அங்கே வண்டி இல்லை.

யாரோ நோயாளியைச் சேர்த்திருக்கிறார்கள், எனக்குச் சொல்லவில்லை என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே துணியை விலக்கினாள்.

ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முகம் தெரியவில்லை. மெலிந்த முதுகு. இடுப்பில் ஒரு கட்டு. ஒட்டியிருந்த பட்டை காய்ந்து ஓரம் சுருண்டிருந்தது. கட்டில் காலில் சீட்டு தொங்கியது. பழுத்துப்போன தாள். அதில் மையில் எழுதியிருந்தது: வெளியே 1. உள்ளே 1.

டிரஸ்ஸிங் மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். அவர் திரும்பாமலே சொன்னார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு சிஸ்டர்."

அவ்வளவுதான். கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. கையைக் கழுவியது, உறை போட்டது, கட்டைப் பிரித்தது. ஏன் ஓடவில்லை என்று நான் கேட்டிருக்கிறேன். நோயாளி கேட்டால் எப்படி ஓடுவது என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

கெட்டுப்போன காயத்துக்கு என்ன அடையாளம்? நாற்பதில் ஆறாவது கேள்வி. சிவப்பு, சூடு, வீக்கம், சீழ், நாற்றம். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிவப்பு இல்லை. வீக்கம் இல்லை. சீழ் இல்லை. நாற்றம் இல்லை. எந்த நாற்றமும் இல்லை. மருந்து வாசனைகூட இல்லை. சூடு இருக்கிறதா என்று ஓரத்தில் விரலை வைத்தாள்.

எஃகுத் தட்டைத் தொட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் கவனித்தாள். அந்த முதுகு மூச்சுக்கு ஏறி இறங்கவில்லை.

இரண்டு இருபத்து நான்கு. இடுக்கியில் துணியின் நுனி மாட்டியிருந்தது. இழுத்தாள்.

வந்தது.

காய்ந்த துணி. மஞ்சள் ஏறியிருந்தது. ஒரு முழம் வந்தது. இரண்டு முழம். அந்தக் குழியில் அவ்வளவு துணிக்கு இடமே இல்லை. இன்னும் வந்தது. தட்டு நிறைந்தது… வழிந்தது… தரையில் விழுந்தது. வந்துகொண்டே இருந்தது.

அப்புறம் ஒரு தையல் வந்தது. நீல நூல். நான்கு தையல், கோணல்மாணலாக. அதில் வந்து நின்றது.

இழுத்தாள். வரவில்லை.

இன்னும் இழுத்தாள்.

உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"ஆறாம் பெட்டுக்கு…"

குரல் சுவரிலிருந்து வந்தது.

"வாலு விட்டியா?"

முதலிலும் தன்னைக் கூப்பிடவில்லை, கேட்டது துணியின் வாலைத்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"எத்தன வெச்சே?"

துணி இறுகியது. இடுக்கி கையையும் இழுத்துக்கொண்டு உள்ளே நகர்ந்தது.

விரல் நுனி காயத்தின் ஓரத்தைத் தொட்டது.

"எத்தன?"

"ரெண்டு," என்றாள்.

சொல்லி முடித்ததும் பிடி விட்டது.

பின்னால் தடுமாறிச் சுவரில் மோதினாள். கண்ணைத் திறந்தபோது மெத்தை சுருட்டியபடி இருந்தது. மறைப்பு மடித்து நின்றது. தள்ளுவண்டி மேசைக்குப் பக்கத்தில். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு முப்பத்தொன்று. கையில் உறை மட்டும் இருந்தது. அது உலர்ந்திருந்தது.

சிஸ்டர் மருந்தோடு கதவைத் திறந்தார். வாலு ஓடினாள். அழவில்லை, கத்தவில்லை. ஆறாம் பெட்டுக்கு இரண்டு வைத்ததாகவும் ஒன்று என்று எழுதியதாகவும், இன்னொன்று உள்ளேதான் இருக்கிறது என்றும், அதற்கு வால் விடவில்லை என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். திட்டு விழும் என்று நின்றாள்.

சிஸ்டர் திட்டவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. அவள் தோளுக்கு மேலே வார்டின் கடைசியைப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார்.

மூன்று இருபதுக்கு டிரைவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். வாலு வராந்தாவில் நின்றாள். நான்கு மணிக்குப் பார்வையாளர் மணி அடித்ததும் டிரைவரின் மனைவி வந்தாள். எங்கே அவர் என்று கேட்டாள். வாலு அவளிடமும் சொன்னாள், நான்தான் செய்தேன் என்று. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். எத்தனை அடி அடித்திருந்தாலும் அது தேவலை என்கிறாள் வாலு.

நான்கு பத்துக்கு டாக்டர் வெளியே வந்தார். பிழைத்துவிட்டார், இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ரத்தத்தில் விஷம் ஏறியிருக்கும் என்றார். வாலுவைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"எண்ணிக்கைய தப்பா எழுதினது குத்தம்தான். ஆனா வாலு விடலன்னு ஏம்மா சொன்னே? நீளமா விட்டிருக்கியே. அதப் புடிச்சித்தான் எடுத்தேன். இல்லன்னா ஆழத்துல தேடியே நேரம் போயிருக்கும்."

நான் விடவில்லை டாக்டர் என்றாள். பயத்தில் மறந்திருப்பாய் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே அறிக்கையிலும் எழுதினார். வால் முறையாக விடப்பட்டிருந்தது என்று. அந்த ஒரு வரியால்தான் அவளுக்கு இரண்டாவது கடிதம் வரவில்லை. அந்த ஒரு வரியால்தான் இன்றைக்கு அவள் வேறொரு ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். அந்த வரி தனக்குச் சேர வேண்டியதில்லை என்று என்னிடம் மட்டும் சொல்வாள்.

தியேட்டரிலிருந்து வந்த தட்டை சிஸ்டர்தான் கழுவ எடுத்துப் போனார். வாலு பின்னாலேயே போனாள்.

தட்டில் அவள் வெட்டிய சின்னத் துண்டு இருந்தது. அதன் ஓரத்தோடு இன்னொரு துணி சேர்ந்திருந்தது. மஞ்சள் ஏறிய பழைய துணி. இரண்டையும் நீல நூலால் தைத்திருந்தது. நான்கு தையல், கோணல்மாணலாக.

சிஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. குழாயைத் திறந்தார். மூடினார். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்கிட்டயும் எத்தனன்னு கேட்டாரா?"

வாலு தலையை ஆட்டினாள்.

அப்புறம் சிஸ்டர் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் அவர் மாணவியாக இருந்தபோது கடைசிப் பெட்டில் ஒருவர் இருந்தார். கேட்க நாதியில்லாதவர். இடுப்பில் ஆழமான காயம். ஒருநாள் துணி போதவில்லை. சிஸ்டர் இரண்டு துண்டை ஒன்றாகத் தைத்து உள்ளே வைத்தார். கையில் இருந்தது யூனிபாரம் பொத்தான் தைக்கும் நீல நூல்தான். மறுநாள் இழுத்தபோது தையல் பிரிந்து ஒரு துண்டுதான் வந்தது. நூலோடு மற்றது உள்ளேயே நின்றுவிட்டது. பயத்தில் வெளியே ஒன்று என்று எழுதிவிட்டார். அந்த மனிதர் தினமும் சொன்னாராம், இன்னும் ஒண்ணு இருக்கு சிஸ்டர் என்று. எல்லார் எதிரிலும் அவரை அதட்டி வாயை மூட வைத்தாராம். ஒன்பதாவது நாள் அவர் இறந்துபோனார். அப்புறம் ஒருநாள் காலியான அந்தப் பெட்டிலிருந்து எத்தன என்று கேட்ட குரலுக்குப் பதில் சொல்லாமல் ஓடிய சிஸ்டர், அதற்குப் பிறகு பன்னிரண்டைத் தாண்டியதே இல்லை.

அந்தத் துணியை அப்புறம் எப்போது எடுத்தார்கள் என்று வாலு கேட்டாள்.

சிஸ்டர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எடுக்கவே இல்ல. அது உள்ள இருக்கறது எனக்கு மட்டும்தான் தெரியும். அதோடயேதான் அவரப் பொதச்சாங்க."

சாயங்காலம் ஆறு பத்து. விளக்குப் போடும் நேரம். வாலு ஆறாம் பெட்டில் டிரைவருக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தாள். நூறுக்கு இறங்கியிருந்தது. சிஸ்டர் மேசையை விட்டு எழுந்து நடந்தார். எட்டு. பத்து. பன்னிரண்டு. நிற்கவில்லை. கடைசிப் பெட்டுக்குப் பக்கத்தில் போய், சுருட்டிய மெத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கே அவர் ஒரே ஒரு சொல்தான் சொன்னார். வாலுவுக்கு அது ஆறாம் பெட் வரைக்கும் கேட்டது.

"ரெண்டு."

அப்புறம் காலியாக இருந்த அந்தப் பக்கத்திலிருந்து, யாரோ வேலையை முடித்துவிட்டு இடுக்கியைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது.